பெட்டியில் வந்த பாடமும் சுங்கை பூலோ உடும்பும்

கேள்வி: எட்டு வயது மகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கிறோம். அமெரிக்காவிலிருந்து ஓராண்டுப் பாடத்தொகுப்பு வரவழைத்தோம். அவளோ சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் பார்த்த உடும்பைப் பற்றியே பேசுகிறாள். தொகுப்பைக் கைவிடலாமா?
- வாசகி, ஈசூன்

பதில்: கைவிட வேண்டாம் அம்மா. முழுவதையும் முடிக்கவும் வேண்டாம். சிங்கப்பூரில் பள்ளிக்குச் செல்வதிலிருந்து கல்வி அமைச்சின் விலக்குப் பெற்று வீட்டில் படிக்கும் பிள்ளையும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதியாக வேண்டும். அதில் தாய்மொழியும் உண்டு. உங்கள் பெட்டியிலோ தமிழ் இருக்காது. அங்குலமும் பவுண்டும்தான் இருக்கும். ஆகவே கணிதத்துக்கு உள்ளூர்ப் பயிற்சிநூல் வாங்குங்கள். தினமும் காலையில் நாற்பது நிமிடம், விடுபடாமல். கணிதத்தையும் பிள்ளையின் போக்கில் விட்டவள் நான். பின்னம் புரியாமல் என் மகன் அழுத நாட்கள் இன்னும் நெஞ்சை அறுக்கின்றன.

மீதி நேரம் உடும்புக்கே. பிளவுபட்ட நாக்கை ஏன் அடிக்கடி நீட்டுகிறது? மணத்தை அறிய. அதை அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். நீளத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, வீட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் செண்டிமீட்டர் கணக்கில் வரையட்டும். 'உடும்புப்பிடி' என்கிறோமே, அது ஏன் என்று பாட்டியிடம் கேட்டுத் தமிழில் நான்கு வரி எழுதட்டும். ஊர்வன பற்றிய பாடம் தொகுப்பில் 20ஆவது வாரத்தில் இருந்தாலும் இன்றே எடுத்துப் படியுங்கள். பனிக்காலப் பாடங்களைத் தயங்காமல் தள்ளிவையுங்கள்.