பூ நிறைய, பிஞ்சு நிற்கவில்லை: சுரைக்கும் பீர்க்குக்கும் மாலையில்தான் வேலை

கேள்வி: திருச்சியில் மூன்றாவது மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். தைப்பட்டத்தில் சுரை, பீர்க்கு, பாகல் மூன்றையும் 18 அங்குலப் பைகளில் விதைத்தேன். கொடிகள் பந்தல் ஏறி நன்றாகப் பூக்கின்றன. ஆனால் சுரையிலும் பீர்க்கிலும் பிஞ்சு சுண்டுவிரல் அளவு இருக்கும்போதே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. தினமும் காலை எட்டு மணிக்குப் பிரஷ்ஷால் மகரந்தம் தொட்டு வைக்கிறேன். பாகலில் சில காய்கள் பிடித்தன, மற்ற இரண்டிலும் ஒன்றுகூட இல்லை. பழ ஈயாக இருக்குமோ என்று உரக்கடையில் பொறி வாங்கி மாட்டினேன், ஓர் ஈகூட விழவில்லை. வாரம் ஒருமுறை மீன் அமிலமும், மாலை வேளையில் வேப்பெண்ணெயும் தெளிக்கிறேன். எங்கே தவறு?

பதில்: காலை எட்டு மணி பாகலுக்குச் சரியான நேரம். சுரைக்கும் பீர்க்குக்கும் அது பன்னிரண்டு மணி நேரம் தாமதம். பாகல் மட்டும் காய்த்ததற்குக் காரணம் இதுவே.

பாகல், பரங்கி, வெள்ளரி ஆகியவற்றின் பூக்கள் விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறும்போது சுருங்கிவிடும். தேனீ வருவதும் அந்த நேரத்தில்தான். சுரையின் வெள்ளைப் பூவும் பீர்க்கின் மஞ்சள் பூவும் மாலை ஐந்து மணிக்கு மேல் விரியத் தொடங்கும். புடலை இன்னும் கொஞ்சம் இருட்டிய பிறகு விரியும். இவற்றை நாடி வருபவை பெரும்பாலும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த மூன்றாவது மாடியில் அவற்றை நம்பியிருக்க முடியாது, கைதான் உதவ வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்கு நீங்கள் பிரஷ்ஷோடு போகும்போது பூ வதங்கத் தொடங்கியிருக்கும், மகரந்தம் வீரியம் இழந்திருக்கும். பீர்க்கங்காய் இனத்திலேயே நுரைப்பீர்க்கு மட்டும் காலையில் விரியும், அதையும் வளர்ப்பவர்கள் கவனிக்கவும்.

நீங்கள் பார்த்த சுண்டுவிரல் அளவுப் பிஞ்சு, காய் பிடித்ததற்கான அடையாளம் அல்ல. இந்தக் குடும்பத்தில் பெண் பூ மொட்டாக இருக்கும்போதே அடியில் சின்னக் காய் வடிவத்தோடுதான் வரும். மகரந்தம் சேர்ந்தால் அது பருக்கும், சேராவிட்டால் மூன்று நாலு நாளில் நுனியிலிருந்து மஞ்சளடித்து விழும். ஆகவே உங்கள் கொடியில் "காய்த்து உதிர்கிறது" என்பதைவிட "காய்க்கவே இல்லை" என்பதே உண்மை நிலை.

இதை உறுதி செய்ய, உதிர்ந்த பிஞ்சு ஐந்தாறை எடுத்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சதை சுத்தமாக, சற்று வற்றி, ஓட்டையோ புழுவோ இல்லாமல் இருந்தால் மகரந்தக் குறை. தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும், அதில் பிசின் மாதிரித் துளியும், உள்ளே குழைந்த சதையில் வெள்ளைப் புழுக்களும் இருந்தால் பழ ஈ. பூ ஒட்டியிருந்த முனையில் கறுத்து, மேலே குண்டூசித் தலை போலப் பூஞ்சை நின்றால் அழுகல் நோய். மழை நாட்களில் வாடிய பூ காயிலேயே ஒட்டிக்கொண்டு நீர் கோர்ப்பதால் வருவது அது. பிஞ்சு பருத்த நாலாம் நாளில் வாடிய இதழைக் கிள்ளி எடுத்துவிட்டாலே பெரும்பாலும் தப்பித்துவிடும். மருந்து வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எல்லா உதிர்வுக்கும் ஒரே மருந்தைத் தெளித்துத் தெளித்தே பலர் ஒரு பட்டத்தை இழக்கிறார்கள்.

இனி மாலை வேலை. மதியம் மூன்று, நாலு மணிக்குப் பந்தலை ஒரு சுற்றுப் பாருங்கள். அன்று விரியப்போகும் பீர்க்கு மொட்டின் நுனி மஞ்சள் தெரிந்து உப்பியிருக்கும். சுரை மொட்டு பச்சை மாறி வெளுத்து, முறுக்கு தளர்ந்திருக்கும். அவற்றில் பெண் மொட்டு எத்தனை, ஆண் மொட்டு எத்தனை என்று கண்டுகொள்ளுங்கள். சுரையில் ஆண் பூவுக்குக் காம்பு நீளம், அடியில் ஒன்றும் இருக்காது. பெண் பூ குட்டைக் காம்பில், மெல்லிய ரோமம் படர்ந்த குட்டிச் சுரைக்காயோடு இருக்கும். பீர்க்கில் ஆண் பூக்கள் கொத்தாகவும், பெண் பூ தனியாகவும் வரும்.

ஆறு மணி வாக்கில், முழுக்க விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறியுங்கள். நடுவில் உள்ள மகரந்தத் தண்டை விரல் நுனியால் லேசாகத் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பத்து இருபது நிமிடம் பொறுங்கள், அல்லது வேறு பூ எடுங்கள். இதழ்களை முழுதும் கிழித்துப் போட்டுவிட்டு, தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடித்து, பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியில் ஒற்றி எடுங்கள். சூல்முடி மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மூன்றிலும் தூள் படிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் படிந்தால் காய் பிடித்தாலும் கோணலாக வளரும், ஒரு முனை பருத்து மறுமுனை சூம்பிப்போகும். தூள் நிறைய இருந்தால் ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். சுரைக்கு ஆண் பூ சுரையிலிருந்தும், பீர்க்குக்குப் பீர்க்கிலிருந்தும் எடுக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பெரிய பூக்களுக்கு இதுவே பிரஷ்ஷைவிட நல்ல முறை. பிரஷ்ஷின் மயிர்களுக்குள் பாதி மகரந்தம் தங்கிவிடும். பாகல் பூ சிறிது என்பதால் அதற்கு மட்டும் மென்மையான பிரஷ்ஷோ காது குடையும் பஞ்சுக் குச்சியோ சரி, அதையும் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வீடு வர எட்டு மணி ஆகிறதென்றாலும் கவலையில்லை, டார்ச் வெளிச்சத்தில் செய்யலாம். மழை வரும்போலிருந்தால் தொட்டு வைத்த பூவின் மேல் காகிதத்தைக் கூம்பாகச் சுற்றி ஒரு கிளிப் போடுங்கள். நனைந்த மகரந்தம் பயன்படாது. தொட்டு வைத்த பூவின் காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். எது கையால் தொட்டது, எது தொடாதது என்று தெரிந்தால்தான் முறை பலிக்கிறதா என்று கணிக்க முடியும். மூன்றாம் நாள் காம்பு கீழ்நோக்கி வளைந்து, பிஞ்சு பளபளத்துப் பருத்திருந்தால் பிடித்துவிட்டது.

உங்கள் வேப்பெண்ணெய்ப் பழக்கத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். மாலையில் தெளிப்பது பொதுவாக நல்ல அறிவுரை, பாகலுக்கு அதுவே பொருந்தும். சுரைக்கும் பீர்க்குக்கும் மாலையில் தெளித்தால் அப்போதுதான் விரிந்த பூவின் மேலேயே எண்ணெயும் சோப்பும் போய் விழும், மகரந்தம் கட்டிபிடித்துவிடும். இந்த இரண்டு கொடிகளுக்கும் காலை ஆறிலிருந்து ஏழுக்குள், இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தெளியுங்கள். அளவு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கரைவதற்கு காதி சோப்புக் கரைசல் 2 மில்லி. பூச்சி கண்ணில் பட்டால் மட்டும் போதும், வாராவாரம் கட்டாயமில்லை.

மீன் அமிலத்தை இப்போது நிறுத்துங்கள். அது தழைச்சத்து. பூக்கும் பருவத்தில் தழைச்சத்து மிகுந்தால் கொடி கரும்பச்சையாக ஓடும், ஆண் பூ பெருகும், பெண் பூ தள்ளிப்போகும். அதற்குப் பதில் 15 நாளுக்கு ஒருமுறை பைக்கு மண்புழு உரம் கால் கிலோ, விறகடுப்புச் சாம்பல் இரண்டு மேசைக்கரண்டி மேல்மண்ணில் கிளறிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். பஞ்சகவ்யா தெளிப்பதானால் லிட்டருக்கு 30 மில்லி. தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த தேமோர்க் கரைசலும் தெளிக்கலாம். ஆனால் எந்தக் கரைசலும் மகரந்தத்தை ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு எடுத்துப் போகாது. "தேமோர் அடித்தும் பிஞ்சு நிற்கவில்லை" என்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

பெண் பூவே குறைவாக வந்தால் சுரையில் நுனி கிள்ளுவது பலன் தரும். தாய்க்கொடி ஆறேழு அடி வளர்ந்து பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் கிளம்பும். சுரையின் பக்கக் கிளையில் முதல் இரண்டு மூன்று கணுக்களுக்குள்ளேயே பெண் பூ வந்துவிடும். இணையத்தில் 3ஜி கட்டிங் என்று சொல்வது இதையே இரண்டு முறை செய்வது. 18 அங்குலப் பைக்கு ஒருமுறை கிள்ளினால் போதும். கிளைகள் பெருகப் பெருக அத்தனைக்கும் சோறு போட அந்தப் பை மண்ணால் முடியாது. பந்தல் விவசாயிகள் இளஞ்செடியில் எத்ரல் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியைத் தெளித்துப் பெண் பூவைக் கூட்டுவார்கள். உங்கள் கொடிக்குப் பெண் பூ குறையவில்லை, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தைப்பட்டக் கொடி பங்குனி, சித்திரை வெயிலில்தான் பூக்கும். திருச்சியில் அப்போது வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். அந்தச் சூட்டில் மகரந்தத்தின் முளைப்பு குறையும், பிடித்த பிஞ்சும் தண்ணீர் போதாமல் விழும். பந்தல் நிறைந்த சுரைக்கொடிக்கு அந்த நாட்களில் காலை நாலு லிட்டர், மாலை மூன்று லிட்டர் தேவைப்படும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரத்தைப் பொறுத்துக் கூட்டிக் குறையுங்கள். பையின் மேல் காய்ந்த இலையோ தென்னை மட்டை நாரோ மூன்று அங்குலம் பரப்புங்கள். தளத்தில் நேரடியாக வைத்திருந்தால் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், அடி வேர் வேகாது. இத்தனை செய்தாலும் சித்திரையில் விளைச்சல் சுமாராகவே இருக்கும். சுரை, பீர்க்கு, புடலைக்கு ஆடிப்பட்டமே மேல். மாடியில் புடலை வைப்பவர்கள் கோ 2 ரகத்தைப் பார்க்கலாம், காய் குட்டை என்பதால் தாழ்வான பந்தலே போதும்.

பழ ஈப் பொறி காலியாக இருந்ததை வைத்து ஈ இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பொறிக்குள் தொங்கும் கவர்ச்சிக் கட்டியின் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மெத்தில் யூஜினால் என்றிருந்தால் அது மா, கொய்யாவைத் தாக்கும் ஈக்கானது. கொடிக் காய்களைக் குத்தும் ஈ அதற்கு வராது. அதற்குக் கியூ லூர் என்று கேட்டு வாங்க வேண்டும். கடையில் "பழ ஈப் பொறி" என்று மட்டும் கேட்டால் முன்னதையே கொடுத்துவிட வாய்ப்புண்டு. பொறிக் கூடு புதிதாக வாங்கத் தேவையில்லை, கட்டியை மட்டும் மாற்றி, அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பந்தல் உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒன்றரை மாதத்தில் கட்டியை மாற்றுங்கள்.

கியூ லூரும் ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். காயைக் குத்தி முட்டையிடுவது பெண் ஈ. அதனால் மாடித்தோட்டத்துக்கு உறை போடுவதே நம்பகமான காப்பு. பிஞ்சு பிடித்தது உறுதியானதும், அதாவது மூன்றாம் நாளே, செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி அடியை மடித்து, பாகல் பிஞ்சின் மேல் ஏற்றி, காம்புப் பக்கம் ஸ்டேப்ளர் அடியுங்கள். சுரைக்கும் பீர்க்குக்கும் மெல்லிய துணிப்பை நல்லது, காய் பருக்க இடம் இருக்கும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகும். புழு வைத்த காயை மக்கும் தொட்டியில் போடாதீர்கள். புழு வெளியே வந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகக் கிளம்பும். கவரில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள். பையின் மேல்மண்ணை அவ்வப்போது கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலில் காய்ந்துபோகும்.

காய்கள் நிற்கத் தொடங்கிய பிறகும் ஒரு கட்டத்தில் பிஞ்சு உதிரும். 18 அங்குலப் பையில் உள்ள ஒரு சுரைக்கொடியால் ஒரே நேரத்தில் மூன்று நாலு காய்க்கு மேல் தாங்க முடியாது. அதற்கு மேல் வருவதைக் கொடியே கழித்துவிடும். அப்போது மருந்து தேடாமல் காயைப் பறியுங்கள். பூ தொட்டு வைத்த நாளிலிருந்து சுரை 12 முதல் 15 நாளில் பறிக்கும் பதம் வரும், நகம் எளிதாக இறங்க வேண்டும். பீர்க்குக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும், அதற்கு மேல் விட்டால் நார் வைத்துவிடும். முற்றவிட்ட ஒரு காய் கொடியில் இருந்தால் புதுப் பிஞ்சு நிற்பது குறையும். விதைக்கு விட நினைத்தால் கொடி ஓயும் காலத்தில் ஒன்றை விடுங்கள். அந்தக் காய்க்கு மட்டும், மாலையில் விரியும் முன்பே ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டையும் நூலால் கட்டி வைத்து, இரவில் அவிழ்த்துத் தொட்டுவிட்டு, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுச் சுரையின் மகரந்தம் கலந்து, அடுத்த பட்டத்தில் வேறு வடிவக் காய் வரும்.

பாகல் பக்கத்தில் இருப்பதால் சுரை கசக்குமோ என்ற பயம் பலருக்கு உண்டு. இரண்டும் வேறு வேறு இனம், மகரந்தம் கலக்காது. ஆனால் எந்தச் சுரைக்காயையும் சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். கசக்கும் சுரையின் சாறு கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தக் கசிவு வரை கொண்டுபோகும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு கொடியில் ஒரு காய் கசந்தால் மற்ற காய்களையும் சமைக்க வேண்டாம், அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்க வேண்டாம்.