டைராட்ஸ் 3 என்றால் மூன்றாவது ஸ்டேஜா?

கேள்வி: எனக்கு வயது 43. மாஸ்டர் செக்கப்பில் கழுத்து ஸ்கேன் எடுத்தபோது தைராய்டின் வலது பக்கம் 1.8 செ.மீ. கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் ‘திடமான நாட்யூல், ஐசோஎக்கோயிக், ஓரம் சீராக உள்ளது, சுண்ணாம்புப் படிவு இல்லை, டைராட்ஸ் 3’ என்று இருக்கிறது. தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். 2.6. வலி, தொந்தரவு எதுவும் இல்லை. ஆனால் கொழுந்தனார் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ‘மூணாவது ஸ்டேஜ் போல’ என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஊசி குத்திப் பார்க்க வேண்டுமா, பேசாமல் ஆபரேஷனே செய்துவிடலாமா? முட்டைக்கோஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அது சரியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த மூன்றைப் பார்த்துவிடுவோம். அது ஸ்டேஜ் இல்லை. புற்றுநோய்தான் என்று உறுதியான பிறகு, அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்குச் சொல்வதுதான் ஸ்டேஜ். டைராட்ஸ் என்பது ஸ்கேனில் கட்டி எப்படித் தெரிகிறது என்பதை வைத்துப் போடும் சந்தேக மதிப்பெண். 1 முதல் 5 வரை போகும். 3 என்றால் லேசான சந்தேகம். இந்த வகைக் கட்டிகளில் புற்றுநோயாக இருப்பவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுக்கும்போது இதை ஒரு வரி சொல்லி அனுப்பினால் எத்தனையோ வீடுகளில் அழுகை மிச்சமாகும். அதைச் செய்யாதது எங்கள் தரப்புக் குறைதான்.

இந்த எண் எப்படி வருகிறது என்று உங்கள் ரிப்போர்ட்டை வைத்தே கணக்குப் போடலாம். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017-ல் வெளியிட்ட முறைதான் இங்கும் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, உள்ளே என்ன இருக்கிறது என்பது. வெறும் நீர்க்கட்டி என்றால் பூஜ்யம், திடமானது என்றால் 2. உங்களுக்கு 2. அடுத்தது நிறம். ஸ்கேன் திரையில் நல்ல தைராய்டு வெளிர் சாம்பலாகத் தெரியும். கட்டியும் அதே சாம்பலில் இருப்பதைத்தான் ஐசோஎக்கோயிக் என்கிறார்கள், அதற்கு 1. தைராய்டைவிடக் கறுத்திருந்தால் 2, பக்கத்துக் கழுத்துத் தசையைவிடவும் கறுத்திருந்தால் 3. ஓரம் சீராக இருப்பதால் உங்களுக்கு அதில் பூஜ்யம். சுண்ணாம்புப் படிவு இல்லாததால் அதிலும் பூஜ்யம். ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால்தான் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். தைராய்டில் அதிகம் வரும் பாப்பில்லரி வகைப் புற்றுநோயில் அப்படிப்பட்ட நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கும். அதனால் அதற்கு 3.

மீதி இருப்பது வடிவம். நீங்கள் எழுதியதில் அது இல்லை. கழுத்தைக் குறுக்குவாட்டில் பார்க்கும்போது கட்டி அகலத்தைவிட உயரமாக நின்றால் 3 மதிப்பெண். சாதாரணக் கட்டிகள் பெரும்பாலும் படுத்த மாதிரி வளரும், நின்ற மாதிரி வளர்வது சந்தேகத்துக்குரியது. கூட்டுத்தொகை 3 என்றால் டைராட்ஸ் 3, 4 முதல் 6 வரை என்றால் டைராட்ஸ் 4. உங்களுக்கு அந்த 3 சேர்ந்திருந்தால் மொத்தம் 6 ஆகி, டைராட்ஸ் 4 என்று எழுதியிருப்பார்கள். கூட்டுத்தொகை மூன்றோடு நின்றிருப்பதால் வடிவமும் சரியாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். இருந்தாலும் நீளம், அகலம், உயரம் மூன்றும் ரிப்போர்ட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த முறை ஒப்பிட அது வேண்டும்.

சரி, ஊசி வேண்டுமா? டைராட்ஸ் 3-க்கு 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஊசிப் பரிசோதனை, அதாவது மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது. 1.5-லிருந்து 2.5 வரை என்றால் ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும். உங்களுடையது 1.8. எனவே இப்போது ஊசி தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேனும் தேவையில்லை. டி.எஸ்.எச். சரியாக இருப்பதால் மாத்திரையும் வேண்டாம்.

‘குத்திப் பார்த்துவிட்டால் நிம்மதிதானே’ என்று தோன்றும். ஊசியில் எப்போதும் ஆம், இல்லை என்று பதில் வந்துவிடுவதில்லை. ‘தெளிவாகச் சொல்ல முடியவில்லை’ என்று வருவதும் உண்டு. அப்போது மறுபடி ஊசி, அப்புறம் ஆபரேஷன், கடைசியில் ‘ஒன்றுமில்லாத கட்டி’ என்று ரிப்போர்ட். தென்கொரியாவில் 1999-க்குப் பிறகு அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வந்தவர்கள் தைராய்டு ஸ்கேனையும் சேர்த்து எடுக்க ஆரம்பித்தார்கள். 2011-ல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் 1993-ஐப் போல 15 மடங்கு. ஆனால் அதனால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. தொந்தரவே தராமல் கிடந்திருக்கும் சின்னக் கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் தைராய்டை இழந்தார்கள். அதை எடுத்தால் வாழ்நாள் முழுக்க மாத்திரை. சிலருக்குக் குரல் நரம்பு பாதிக்கும், சிலருக்குக் கால்சியம் குறைந்து கை கால் இழுக்கும். தேவையானவர்களுக்கு இது உயிர் காக்கும் ஆபரேஷன், நானே அனுப்பிவைப்பேன். உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

இந்தக் கணக்கு மாறும் இடங்களும் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, சிறு வயதில் உங்களுக்குக் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்திருந்தாலோ உங்கள் மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் கழுத்து நெறிக்கட்டிகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் அவரிடம் கேளுங்கள். குரல் கரகரத்து அப்படியே நின்றுவிட்டால், விழுங்கும்போது அடைத்தால், கட்டி சில வாரங்களில் வேகமாகப் பெருத்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம், உடனே போய்க் காட்டுங்கள்.

அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே இடத்தில் எடுங்கள், இந்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அளவில் ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தால் பயப்படாதீர்கள். அளக்கும் கை மாறினாலே அந்த வித்தியாசம் வரும். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டில் 20 சதவீதமும், இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமலும் கூடினால்தான் வளர்ச்சி என்று கணக்கு.

முட்டைக்கோஸ் விஷயம். பொரியலாகவோ கூட்டாகவோ வேகவைத்து வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சாப்பிடுவதால் இந்தக் கட்டிக்கு ஒன்றும் ஆகாது. அயோடின் உப்பையும் வழக்கம்போலவே போடுங்கள், கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.