குளிர்காலத்தில் மட்டும் சத்தமிடும் கூலிங் டவர் பம்பு

வணக்கம் நண்பரே. டொரன்டோவில் கோடை முழுவதும் அமைதியாக ஓடிய பம்பு, குளிரூட்டும் இயந்திரமான சில்லரை நிறுத்திவிட்டு டவர் நீரை, தகடுகள் வழியே வெப்பத்தைக் கைமாற்றும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் திருப்பியதும் கூழாங்கல் அரைபடுவதுபோல் சத்தமிடுகிறது, மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் ஏறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பம்பை மாற்றச் சொன்னவர் பேச்சை இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

நீர் குளிர்ந்துபோனதால் இருக்குமோ என்ற சந்தேகத்தையும் விட்டுவிடுங்கள். 30 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல், 7 டிகிரியில் வெறும் 1. குளிர்ந்த நீரில் ஆவிக்குமிழி உருவாவதே கடினம். ஏறிய ஆம்பியர்தான் துப்பு. புதிய பாதையில் தடை குறைவாக இருந்தால், பம்பு அளவுக்கு மீறி நீரைத் தள்ளும். ஓட்டம் கூடக்கூட உறிஞ்சும் பக்கத்தில் அதற்கு வேண்டிய அழுத்தமும் கூடும். அது கிடைக்காதபோது நீரில் ஆவிக்குமிழிகள் உருவாகி உடைவதுதான் இந்த அரைபடும் சத்தம்.

பம்பை அடுத்து, நீர் வெளியேறும் பக்கத்து வால்வைச் சிறிது சிறிதாக மூடிப் பாருங்கள். சத்தமும் ஆம்பியரும் இறங்கினால் காரணம் அதுதான். உறிஞ்சும் பக்க வால்வைத் தொடவே வேண்டாம், நிலைமை மோசமாகும். இறங்காவிட்டால் நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறதா, டவர் தொட்டியில் நீர் சுழித்துக் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள்.

மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால், வால்வை நெரிப்பதைவிட வேகத்தைக் குறைப்பதே மேல், மின்சாரமும் மிஞ்சும். ஆனால் டவர் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச ஓட்டத்துக்குக் கீழே போகாதீர்கள். உங்கள் ஊர்க் குளிரில் நீர் மெலிந்து விழும் இடத்தில்தான் முதலில் பனிக்கட்டி பிடிக்கும். ஓட்டம் போதவில்லையென்றால் டவரின் பிரிவுகளில் (செல்) ஒன்றை அடைத்துவிட்டு, மற்றதில் முழுதாக விடுங்கள்.