வாசிகசாலைக்கு ஒரு சின்னக் கணினி: வாங்கலாமா?

கேள்வி: மல்லாவிப் பக்கம் எங்கள் ஊர் வாசிகசாலையில் பின்னேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகள் இருபது பேர் வரை வந்து படிக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டுப் போனைக் கொண்டுவருவார்கள். அந்த நேரம் பார்த்து டேட்டா இழுபடும், காசும் கரையும். கனடாவில் இருக்கும் எங்கள் ஊரவர் ஒருவர், "ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று வாங்கி வைஃபை போடுங்கள், காசு நான் தருகிறேன்" என்கிறார். கடையில் கேட்டால் விசிறி, பெட்டி, திரைக் கேபிள் எல்லாம் சேர்த்து ஒரு 'கிட்' ஆகத்தான் தருவார்களாம். எங்களிடம் இணைப்பு நிறுத்திய பழைய 4ஜி ரவுட்டர் ஒன்றும் சும்மா கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பழைய ரவுட்டரைத் தூசு தட்டி எடுத்து வையுங்கள். அதுதான் உங்கள் வேலையில் பாதி.

வைஃபை பரப்புவதற்கு மட்டும் என்றால் ராஸ்பெரி பை வாங்க வேண்டாம். அதனால் முடியும், ஆனால் அது அதற்கென்று செய்த பொருள் இல்லை. அதன் அன்டனா பலகையிலேயே பதிந்த சின்னத் துண்டு. தான் இணையத்தில் சேர்வதற்குத் தாராளமாகப் போதும். ஒரு அறைக்குள் நாலைந்து போனுக்கும் கொடுக்கும். இருபது பிள்ளைகள் ஒன்றாக ஏறினால் திணறிவிடும், பின்வாங்கில் இருப்பவர்களுக்கு இணைப்பே கிடைக்காமல் போகலாம். ரவுட்டர் இந்த வேலைக்காகவே செய்தது. சிம் வேலை செய்யாவிட்டாலும் அதன் வைஃபை வேலை செய்யும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டிய ரவுட்டராக இருந்தாலும் அப்படித்தான்.

சரி, அப்படியென்றால் கனடாக்காரர் சொன்னது பிழையா? இல்லை. அவர் தரும் காசை வேறு விதமாகப் பயன்படுத்தினால் உங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி கிடைக்கும். இருபது பேரும் ஒரே விஞ்ஞானப் புத்தகத்தை இருபது தடவை இறக்குவதால்தான் டேட்டா கரைகிறது. அதை ஒரு தடவை இறக்கி அந்தச் சின்னக் கணினிக்குள் வைத்துவிட்டால், பிறகு யார் எத்தனை தடவை திறந்தாலும் ஒரு சதம் போகாது. சிக்னல் இல்லாத நாளிலும் திறக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்மொழிப் பாடநூல்கள் பிடிஎஃப் ஆகவே இருக்கின்றன. கடந்தகால வினாத்தாள்களையும் சேர்த்து வையுங்கள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளால் இணையம் இல்லாமலே பார்க்கலாம். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஒரு 32 ஜிபி மெமரி கார்டுக்குள் அடங்கிவிடும். பெரியவர்களும் வருகிற வாசிகசாலை என்றால், 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வரும் 'நூலகம்' என்ற இணையத்தளத்திலிருந்து உங்கள் ஊரவர் விரும்புவதை எடுத்து வையுங்கள்.

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். புத்தகம் வைத்திருப்பது ராஸ்பெரி பை, அதைப் பரப்புவது ரவுட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு லான் கேபிள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ராஸ்பெரி பைக்கு எப்போதும் ஒரே ஐபி முகவரி (வலையமைப்பில் அதன் இலக்கம்) கிடைக்கும்படி ஒதுக்கி, அந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள். புத்தகங்களைப் பிரவுசருக்குக் கொடுக்கும் வெப் சேர்வர் மென்பொருளை ராஸ்பெரி பையில் போட்டுவிட்டால், பிள்ளைகள் போனின் பிரவுசரில் அதைத் தட்டினால் போதும். முதல் நாள் ஒரு சின்னச் சிக்கல் வரும்: "இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடர்ந்து இணைந்திருக்கவா?" என்று போன் கேட்கும். ஆம் என்று கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பிள்ளை புத்தகம் திறக்கவில்லை என்று வந்து நிற்கும்.

எந்த மாடல்? ராஸ்பெரி பை 4, 1 ஜிபி அல்லது 2 ஜிபி நினைவகத்தோடு. 2019இல் வந்த மாடல்தான், இந்த வேலைக்குத் தாராளம். 5ஆம் மாடல் வேண்டாம். அதற்கு 5 வோல்ட் 5 அம்பியர் சார்ஜரைத்தான் பரிந்துரைக்கிறார்கள், சூடும் கூட, விசிறி கேட்கும். தகரக் கூரைக்குக் கீழே வைகாசி வெயிலில் அதை வைத்திருக்க எனக்கு மனம் வராது. சீரோ 2 டபிள்யூ என்ற சின்ன மாடல் வெளிவந்தபோது 15 டொலர்தான், ஆனால் லான் துளை இல்லை என்பதால் உங்களுக்குச் சரிவராது. யாராவது பழைய 3ஆம் மாடலைச் சும்மா தந்தால் நன்றி சொல்லி வாங்குங்கள், பிடிஎஃப் கொடுக்க அது போதும். 'கிட்'டில் திரைக் கேபிளும் விசிறியும் உங்களுக்குத் தேவையில்லை. முதல் நாள் அமைக்கும்போது இரவல் திரையும் அதற்குப் பொருந்தும் கேபிளும் இருந்தால் சரி.

அப்படி மிச்சம் பிடிக்கும் காசை நல்ல சார்ஜருக்குக் கொடுங்கள். இதை அனுபவித்துச் சொல்கிறேன். கிளிநொச்சியில் உறவினர் வீட்டில் ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். இரண்டு நாளுக்கு ஒரு தடவை தானாக நின்று எழும்பியது. மென்பொருளை இரண்டு தடவை அழித்துப் போட்டேன், கார்டை மாற்றினேன், பலகையே பழுது என்று முடிவு கட்டிவிட்டேன். கடைசியில் திரையைக் கொழுவிப் பார்த்தால் மூலையில் சின்னதாக ஒரு மின்னல் அடையாளம். மின்னழுத்தம் போதவில்லை என்பதற்கான அறிவிப்பு அது. ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த அடையாளம் வரும். வீட்டில் கிடந்த போன் சார்ஜரும் நூல் போன்ற அதன் வயரும்தான் காரணம். 5.1 வோல்ட் 3 அம்பியர் சார்ஜர் மாற்றிய அன்றோடு தொல்லை தீர்ந்தது.

அடுத்தது கறண்ட். திடீரென்று நின்றால் எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடலாம், சில நேரம் முழுக் கார்டும் எழும்பாது. ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் (பற்றரிப் பெட்டி) ஒன்று போடுங்கள். 12 வோல்ட் வயர் ரவுட்டருக்கு, 5 வோல்ட் வெளியீடு ராஸ்பெரி பைக்கு. ஆனால் அந்த 5 வோல்ட் பக்கத்தில் 3 அம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். ரவுட்டரின் வோல்ட்டையும் அதன் அடியில் பார்த்துக்கொண்டு போங்கள். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் கார்டை அப்படியே இன்னொரு கார்டுக்குப் பிரதி எடுத்து அலுமாரியில் வையுங்கள். கெட்டுப்போனால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

கேள்வி: என்னிடம் ராஸ்பெரி பை 4 இருக்கிறது. வீட்டில் இரண்டு மூன்று போனுக்கு மட்டும் அதையே வைஃபை நிலையமாக்க முயன்றேன். இணையத்தில் கிடைத்த குறிப்பின்படி செய்தும் வரவில்லை. (ஒட்டுசுட்டான் வாசகி)

பதில்: உங்கள் கையில் பிழை இல்லை தங்கச்சி, குறிப்பு பழசு. 2023 ஒக்டோபரில் வந்த புக்வேர்ம் பதிப்பிலிருந்து ராஸ்பெரி பையின் இயங்குதளம் வலையமைப்பை நெட்வேர்க் மானேஜர் என்ற மென்பொருள் மூலம் நடத்துகிறது. அதற்கு முந்தைய குறிப்புகள் ஹோஸ்ட்ஏபிடி, டிஎச்சிபிசிடி என்ற மென்பொருள்களின் அமைப்புகளைக் கோப்புக் கோப்பாகத் திருத்தச் சொல்லும். இப்போது அவ்வளவு வேலை இல்லை. லான் கேபிளால் இணையத்தைக் கொடுத்துவிட்டு, மேல் மூலையில் உள்ள வலையமைப்புச் சின்னத்தை அழுத்தி, மேலதிக தெரிவுகளில் ஹொட்ஸ்பொட் உருவாக்கு என்பதைத் தேர்ந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது. அதற்கு முன் வைஃபை நாடு இலங்கை என்று அமைத்திருக்க வேண்டும். அமைக்காவிட்டால் வைஃபை பூட்டியே கிடக்கும். கறண்ட் வந்து போனபின் தானாக எழும்ப வேண்டுமென்றால் அந்த இணைப்பின் அமைப்பில் 'தானாக இணை' என்பதற்குச் சரி போடுங்கள், இயல்பாக அது போட்டிருக்காது.

போனின் ஹொட்ஸ்பொட்டை வைஃபையால் வாங்கி, அதே வைஃபையால் பரப்ப நினைத்திருந்தால் அதை விடுங்கள். உள்ளே இருப்பது ஒரே ஒரு வைஃபை சிப். போனை யூஎஸ்பி வயரால் கொழுவி டெதரிங் (போனின் இணையத்தை வயரால் பகிர்வது) போட்டால் சுலபமாக முடியும்.

கேள்வி: வவுனியாவில் வாங்கிய ரவுட்டர் மூன்றாம் கிழமையே நின்றுவிட்டது. பில் தரவில்லை, கடைக்காரர் கைவிரிக்கிறார். (நெடுங்கேணி வாசகர்)

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைச் சொல்கிறது. இன்றே போய்க் கேளுங்கள். காசு கார்டாலோ வங்கியாலோ போயிருந்தால் அந்தப் பதிவு, கடைக்காரரோடு வாட்சப்பில் கதைத்திருந்தால் அந்தச் செய்தி, பெட்டியும் தொடரிலக்கமும், எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், ஆனால் அழைப்போடு நிற்காமல் எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.