சுற்றாடல் விஞ்ஞானம் படிக்க ஆசை, பாடசாலையில் அந்தப் பாடம் இல்லையே!

கேள்வி: அடுத்த வருடம் உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்க விருப்பம். இப்போதே எப்படித் தயாராவது? – வாசகி, வெள்ளவத்தை

அந்தப் பெயரில் தனிப்பாடம் இல்லைதான், ஆனால் விஷயம் உங்கள் புத்தகங்களிலேயே சிதறிக் கிடக்கிறது. சூழற்றொகுதியும் உயிர்ப்பல்வகைமையும் உயிரியலில். அமிலமழை, ஓசோன் படை, நீர் மாசடைதல் எல்லாம் இரசாயனவியலில். இரண்டுமே பாடத்திட்டத்தின் பின்பகுதியில் வருவதால், டியூஷனில் "இது வாசித்தாலே போதும்" என்று ஓடிவிடுவார்கள். அங்கேதான் புள்ளி போகிறது.

நீரில் கரைந்த ஒட்சிசனை அளக்கும் விங்க்லர் முறையை எடுங்கள். போத்தலில் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, மங்கனீசு சல்பேற்றும் காரம் கலந்த பொட்டாசியம் அயடைட்டும் சேர்க்கிறோம். வீழ்படிவு கபிலமானால் ஒட்சிசன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் மீனுக்கு வேலையில்லை! பிறகு அமிலம் சேர்த்தால் அயடீன் வெளிவரும். அதைத் தயோசல்பேற்றால் நியமிக்கிறோம், அதாவது காட்டியாகச் சேர்த்த மாப்பொருளின் நீலம் மறையும் வரை துளித்துளியாக விட்டு அளவு பார்க்கிறோம். ஒரு மூல் ஒட்சிசனுக்கு நான்கு மூல் தயோசல்பேற்று. இந்த நான்கை மறந்து கணக்கைக் கோட்டைவிடும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். மனப்பாடம் செய்யாமல் சமன்பாடுகளை ஒருமுறை நீங்களே எழுதிக் கூட்டிப் பாருங்கள், பிறகு மறக்காது.

இதைப் படித்த கையோடு வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். கழிவுநீரின் சேதனப் பொருளை பற்றீரியா பிரிக்கும்போது ஒட்சிசன் தீர்ந்துபோவது புத்தகத்தில் ஒரு வரி, அங்கே மூக்குக்கே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கும் போகலாம். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. வெள்ளநீரைத் தாங்கும் இந்தச் சதுப்புகளும் அதற்கொரு காரணம். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்ததையும், 2021இல் நம் கடலில் தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கியதையும் குறித்து வையுங்கள். கட்டுரை வினாவில் "உதாரணம் தருக" என்றால் அமேசன் காடு வரை ஓட வேண்டாம்.

அப்புறம் மொழி. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். நற்போசணையாக்கம் (நீரில் போசணைப் பொருள் மிகுந்து அல்கா பெருகுவது) என்று படிக்கும்போதே அதன் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

எங்கே படிப்பது? கொழும்பு விஞ்ஞான பீடம், களனி, சப்ரகமுவ, வவுனியா என்று பல இடங்களில் சுற்றாடல் சார்ந்த பட்டப்படிப்பு உண்டு. எந்தப் பாடச் சேர்க்கை ஏற்கப்படும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாருங்கள், பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நம்ப வேண்டாம். உங்கள் மாவட்டத்துக்கான முந்தைய வருட இசட் புள்ளி வெட்டெல்லையையும், அதாவது அனுமதி பெறத் தேவைப்பட்ட குறைந்தபட்சப் புள்ளியையும், பாருங்கள். கொழும்பு மாவட்டத்துக்கு அது பொதுவாக உயரம்தான், ஆகவே விண்ணப்பத்தில் ஒரே தெரிவோடு நின்றுவிடாதீர்கள்.