சயாமியப் பூனையின் மீது விழுந்த பழி

அன்புள்ள ஐயா,

வணக்கம். தெருப் பூனைகளின் கருத்தடை பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபின் இதைக் கேட்கத் தோன்றியது. நாங்கள் சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் இருக்கிறோம். 2024 செப்டம்பர் முதல் இங்கே வீவக வீடுகளிலும் பூனை வளர்க்க அனுமதி வந்துவிட்டது. என் கணவரின் அலுவலக நண்பர் வேறு நாட்டுக்குக் குடிபெயர்வதால், தம்முடைய 3 வயது சயாமியப் பூனையை (ஆண், கருத்தடை செய்யப்பட்டது) எங்களுக்குத் தர விரும்புகிறார். 6 வயதாகும் என் மகள் இப்போதே அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். அத்தை மட்டும் கூடாது என்கிறார். சயாமியப் பூனை வஞ்சம் வைக்கும், குழந்தையைக் கண்டால் பொறாமைப்படும், இராத்திரியில் பிள்ளை அழுவதுபோல் அழும், அதன் பார்வையே சரியில்லை என்பது அவர் வாதம். நானும் கணவரும் காலை 8 மணிக்குப் போனால் திரும்ப மாலை 7 ஆகிவிடும். அத்தைதான் வீட்டில் இருப்பார். உண்மையில் இந்தப் பூனையின் குணம் என்ன?

மல்லிகா, சிங்கப்பூர்

அன்புள்ள மல்லிகா,

உங்கள் அத்தையின் பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்ன நான்கு குற்றங்களுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கண்ணால் கண்ட ஏதோ ஒன்று இருக்கிறது. கண்டதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் தவறாகிவிட்டது. பினாங்கில் நான் ஆசிரியராக இருந்தபோது மூன்று மாதக் குட்டியாக என்னிடம் வந்த நீலா என்ற சயாமியப் பூனை 16 ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தாள். கீழே எழுதுவதில் படித்து அறிந்ததும் உண்டு என்றாலும், பெரும்பகுதி அவளிடம் கற்றுக்கொண்டது.

குரலைப் பற்றி அத்தை சொன்னது முழு உண்மை. சயாமியப் பூனை பேசும் பூனை. அதன் குரல் மற்றப் பூனைகளின் குரலைவிடத் தாழ்ந்து, கரகரத்து, நீண்டு ஒலிப்பதால், சுவருக்கு அப்பால் இருப்பவர் கைக்குழந்தை அழுகிறது என்றே நினைப்பார். சாப்பாட்டுக்கு ஒன்று, மூடிய கதவுக்கு ஒன்று, நான் குளியலறையில் அதிக நேரம் இருந்துவிட்டால் ஒன்று என நீலாவுக்குத் தனித்தனிக் குரல்கள் இருந்தன. நான் பதில் சொன்னால் அவளும் பதில் சொல்வாள், அப்படியே கால் மணி நேரம் போகும். கருத்தடை செய்யாத பெண் சயாமியப் பூனை மிக இளவயதிலேயே, சில சமயம் ஐந்து மாதத்திலேயே, இணைசேரும் பருவத்துக்கு வந்துவிடும். அப்போது அது இரவெல்லாம் போடும் ஓலத்தை ஒருமுறை கேட்டவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். இராத்திரியில் அழும் பூனை என்ற பெயரில் பெரும்பங்கு அந்த ஓலத்தால் வந்தது என்று நினைக்கிறேன். உங்களிடம் வரப்போவது கருத்தடை செய்த ஆண் என்பதால் அந்த ஓலம் இருக்காது. ஆனால் பேச்சு கட்டாயம் இருக்கும், அதைக் குறைக்க வழியும் இல்லை.

பார்வையைப் பற்றிச் சொல்ல, அதன் நிறத்திலிருந்து தொடங்கவேண்டும். இந்தப் பூனையின் உடலில் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதி சூட்டைத் தாங்காத வகையைச் சேர்ந்தது. உடம்பின் இயல்பான வெப்பத்தில் அது செயலற்றுப்போய், காது, முகம், பாதம், வால் ஆகிய குளிர்ந்த பகுதிகளில் மட்டும் வேலை செய்கிறது. தாயின் வயிற்றுச் சூட்டில் வளர்ந்த குட்டி ஏறக்குறைய வெள்ளையாகவே பிறந்து, வாரங்கள் செல்லச்செல்லக் காதும் முகமும் கறுப்பது இதனால்தான். நீலாவுக்குக் கருத்தடை அறுவை செய்தபோது விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு மயிரை மழித்திருந்தார்கள். போர்வை போன இடத்தில் தோல் குளிர்ந்ததால், அங்கே மறுபடி முளைத்த மயிர் அடிப்பிடித்த சோற்றின் நிறத்தில் வந்தது. பால் நிற உடம்பில் யாரோ ஒட்டுத் துணி வைத்துத் தைத்ததுபோல் மாதக்கணக்கில் இருந்த அந்தக் கரும்பழுப்புத் துண்டு, பழைய மயிர் உதிர்ந்து புது மயிர் வந்தபோது தானாக மறைந்தது.

அந்த நொதியைச் சூடு தாங்காததாக்கிய அதே மரபணு மாற்றமே கண்ணின் நீலத்துக்கும் காரணம். கண்ணில் நிறமி குறைவாக இருக்கும்போது, கருவிலேயே விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு இழைகளில் ஒரு பகுதி தவறான பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. அந்தக் குறையோடு பார்க்கப் பழகும் பூனைகளில் சிலவற்றுக்கு மாறுகண் விழுகிறது. இருட்டில் மற்றப் பூனைகளின் கண் பச்சையாக மின்ன, இதன் கண் சிவப்பாக மின்னுவதற்கும் நிறமிக் குறைவே காரணம். கறுத்த முகம், மாறுகண், சிவந்த ஒளி மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பவருக்கு அது எதையோ உள்ளுக்குள் கணக்குப் போடுவதாகத் தோன்றலாம். அந்த நேரத்தில் அது உங்களைச் சரியாகக் காண்பதற்குத்தான் முயன்றுகொண்டிருக்கும்.

மாறுகண்ணுக்கும் முடிச்சு விழுந்த வாலுக்கும் சேர்த்து ஒரு பழங்கதை உண்டு. கோயிலில் இருந்த பொற்கிண்ணத்தைக் காவல் காத்த பூனை, அதன் தண்டில் வாலைச் சுற்றிக்கொண்டு இரவும் பகலும் கண்கொட்டாமல் பார்த்திருந்ததால் கண் திரும்பி, வால் முடிச்சிட்டுக்கொண்டதாம். வால் முடிச்சு அந்த இனத்துக்கு மட்டும் உரியதன்று. மலாய்த் தீவுகள், சயாம் (இன்றைய தாய்லாந்து), பர்மா எங்கும் பூனைகளின் வால் குட்டையாகி நுனியில் முடிச்சோடு இருப்பதை 1868-இல் வெளியான நூலொன்றில் டார்வின் குறித்திருக்கிறார். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் படுத்திருக்கும் பூனைகளின் வாலை அத்தையை ஒருமுறை கவனிக்கச் சொல்லுங்கள். அவருக்கு நாள்தோறும் பழக்கமான முகங்களும் இந்தச் சயாமியக்காரரும் தூரத்துச் சொந்தம் என்பது தெரியவரும்.

இவ்வளவு பழி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நெடுநாளாக உறுத்திய கேள்வி, ஏனென்றால் பிறந்த மண்ணில் அதற்கு இந்தப் பெயர் இல்லை. அயுத்தயா என்ற பழைய சயாமிய அரசின் காலத்தில் தோன்றியவையாகக் கருதப்படும் தாய்லாந்தின் பூனைச் சுவடிகள் வீட்டுக்கு நன்மை தரும் பூனை எது, ஆகாத பூனை எது என்று படத்தோடும் பாட்டோடும் வகுத்துச் சொல்கின்றன. அவற்றில் நாம் சயாமியப் பூனை என்று அழைப்பது நன்மை தரும் வரிசையில் இருக்கிறது. அங்கே அதற்கு விச்சியன்மாத் என்று பெயர். நிலா வைரம் என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். விச்சியன் என்பது வச்சிரம் என்று நாம் சொல்லும் அதே வடசொல்லின் தாய்லாந்து மொழி வடிவம் என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சியில் இந்தப் பூனை காட்டப்பட்டபோது, பத்திரிகையாளர் ஒருவர் அதை இயற்கைக்கு மாறான, கெட்ட கனவு போன்ற பூனை என்று எழுதினார். 1955-இல் வந்த ‘லேடி அண்ட் தி டிராம்ப்’ என்ற டிஸ்னி படத்தில் இரண்டு சயாமியப் பூனைகள் ஒரு வீட்டுக்குள் புகுந்து, பாட்டுப் பாடிக்கொண்டே பொருள்களை உடைத்து, பழியை நாயின் மீது போடுகின்றன. அவற்றின் சாய்ந்த கண்ணிலும் கொச்சைப் பேச்சிலும் இருந்தது கிழக்காசிய மனிதரைப் பற்றிய அக்காலத்து அமெரிக்க ஏளனம். 2019-இல் அதே கதையை மீண்டும் எடுத்தபோது அந்தப் பாட்டைக் கைவிட்டுப் பூனைகளின் இனத்தையும் மாற்றிவிட்டார்கள். மனிதர்மேல் இருந்த வெறுப்பை ஒரு பூனையின் முகத்தில் வரைந்து, அந்த முகத்தையே அதன் குணமாக உலகெங்கும் பரப்பியிருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

வஞ்சம் என்ற சொல்லைப் பற்றி நான் கொஞ்சம் நிதானமாகவே எழுதவேண்டும், ஏனென்றால் அந்தச் சொல்லால் நானே தவறு செய்திருக்கிறேன். நீலாவுக்கு 5 வயது இருக்கும்போது, அவளைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு 12 நாள் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்த அன்றிரவு அவள் என் தலையணையின் மீது ஏறி நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே சிறுநீர் கழித்தாள். விட்டுப் போனதற்குப் பழிவாங்குகிறாள் என்று நம்பி, கடிந்துகொண்டு, இரண்டு நாள் அவளைப் படுக்கையறைக்குள் விடாமல் கதவைச் சாத்தினேன். மூன்றாம் நாள் அவள் மணல் தட்டில் நெடுநேரம் குந்தியிருக்க, நாலு சொட்டு மட்டும் விழ, அந்தச் சொட்டுகளில் இரத்தம் கலந்திருப்பதைக் கண்டபிறகுதான் மருத்துவரிடம் ஓடினேன். மன அழுத்தத்தால் பூனைகளுக்கு வரும் சிறுநீர்ப்பை அழற்சி அது. வலியோடு இருக்கும் பூனை, தனக்குப் பாதுகாப்பான மணம் வீசும் இடத்தைத் தேடிப் போகக்கூடும் என்றார் மருத்துவர். அவள் தேடியது என் தலையின் மணத்தை. நான் அந்த இரண்டு நாளும் கதவுக்கு வெளியே அவள் எழுப்பிய குரலைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

ஆகவே பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தால் முதலில் மருத்துவரை நினையுங்கள். ஆண் பூனை என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை குறுகலானது, முழுவதும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பொறாமை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பற்றின் மறுபக்கம். வீட்டில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு அவர் பின்னாலேயே அறை அறையாக நடப்பதும், அவர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தால் நடுவில் வந்து உட்கார்வதும், மடியில் இடம் கிடைக்கும்வரை முறையிடுவதும் இந்த இனத்தின் வழக்கம். குழந்தையைக் குறிவைத்துத் தீங்கு செய்யும் என்ற அச்சத்துக்கு நான் ஆதாரம் எதுவும் கண்டதில்லை. விருப்பமில்லாதபோது தூக்கினாலோ, உறங்கும்போது வாலைப் பிடித்தாலோ எந்தப் பூனையும் பிராண்டும். உங்கள் மகளின் உயரத்துக்கு எட்டாத ஓர் அலமாரித் தட்டைப் பூனைக்கென்று ஒதுக்கி, அது அங்கே ஏறிவிட்டால் அழைக்கக்கூடாது என்று அவளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். 6 வயதுக் குழந்தைகள் இந்த வகை விதியை நம்மைவிட ஒழுங்காகக் காப்பாற்றுவார்கள்.

உண்மையான குறை வேறு. சயாமியப் பூனைக்குத் தனிமை ஆகாது. பல பூனைகள் வெறிச்சோடிய வீட்டில் பகலெல்லாம் உறங்கிக் கழித்துவிடும். இது கதவடியில் அமர்ந்து கூப்பிடும், கூப்பிட்டு அலுத்தால் கையில் கிடைத்ததைக் குலைக்கும், அல்லது தன் மயிரையே நக்கி நக்கித் தோல் தெரியச் செய்துவிடும். கம்பளியைச் சப்புவதும் இந்த இனத்தில் அதிகம். என் அம்மாவின் சால்வையில் நீலா வட்ட வட்டமாக ஓட்டை போட்டிருந்தாள். கையில் எடுத்தால் ஓட்டையின் விளிம்பு ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். விழுங்கிய நூல் குடலை அடைத்துவிடும் என்பதால் கம்பளித் துணிகளைப் பூட்டி வையுங்கள். உங்கள் வீடு காலை 8 முதல் மாலை 7 வரை பூட்டிக் கிடப்பதாக இருந்தால், இந்தப் பூனை வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன்.

அத்தை வீட்டில் இருப்பதால் கேள்வி மாறுகிறது. இந்தப் பூனை உங்கள் மகளுக்காக வந்தாலும், பகல் முழுதும் கூட இருப்பவர் அவர்தான்; அது தேர்ந்துகொள்ளப் போவதும் பெரும்பாலும் அவரைத்தான். சமையலறைக்கு அவர் பின்னால் நடக்கும், அவர் கண் அயரும் நேரத்தில் காலடியில் சுருண்டுகொள்ளும், அவரிடம்தான் நாளெல்லாம் பேசும். அவர் மனம் இசைந்தால் இதைவிட நல்ல வீடு அந்தப் பூனைக்குக் கிடைப்பது அரிது. அவர் இசையாமல் நீங்களும் மகளுமாகச் சேர்ந்து கொண்டுவந்துவிட்டால், மனித ஒட்டுறவு இல்லாமல் வாழத் தெரியாத ஒரு பிராணியை, அதை வெறுக்கும் ஒருவரோடு பதினொரு மணி நேரம் அடைத்து வைத்ததாக ஆகும். இருவருக்கும் அது கொடுமை. நீங்கள் என்னிடம் கேட்டதை அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் உறுதியாகச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

உரிமம், மைக்ரோசிப், ஜன்னலுக்கு வலை ஆகியவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டுக்கென்று ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த இனத்துக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடுதல். சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தியும் அதைத் தூண்டும். பூசை நேரத்தில் பூனையை வேறு அறையில் விட்டு, புகை அடங்கியபின் திறந்துவிடுவது நல்லது. நண்பரிடம் பழைய மருத்துவச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி, மூச்சுத் தொல்லை, பல், ஈறு பற்றிய குறிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் அத்தையையும் அழைத்துக்கொண்டு அந்த நண்பர் வீட்டுக்கு இரண்டு முறையாவது போய் வாருங்கள். பூனையைத் தூக்கி யார் கையிலும் கொடுக்கவேண்டாம் என்று நண்பரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அத்தை ஒரு நாற்காலியில் அமர்ந்து தன் போக்கில் பேசிக்கொண்டிருக்கட்டும். கையை நீட்டவோ கண்ணுக்குள் பார்க்கவோ வேண்டியதில்லை. அது தானாக வந்து அவர் புடவைக் கொசுவத்தை முகர்ந்து பார்க்கும். எந்தச் சொல்லால் அதைக் கூப்பிடுகிறார்கள், எந்நேரம் சோறு வைக்கிறார்கள், இரவில் யார் பக்கத்தில் படுக்கிறது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொண்டுவருவதென்று முடிவானால் அது படுக்கும் துணியைத் துவைக்காமல் அப்படியே வாங்கி வந்து, முதல் இரவு அத்தையின் அறையில் விரித்து வையுங்கள்.

அன்புடன்.