டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கிறது, வண்டி மட்டும் ஏன் ஓடவில்லை?

கேள்வி: சிப் சாவி உள்ள காருக்குக் கடையில் டூப்ளிகேட் சாவி போட்டேன். கதவு திறக்கிறது, இன்ஜினும் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஓரிரு நொடியில் நின்றுவிடுகிறது. வெட்டியதில் கோளாறா?

வெட்டியவர் மேல் தப்பில்லை. பூட்டில் நுழைந்து திரும்புகிறது என்றாலே வெட்டு சரிதான். புதுச் சாவிக்குள் சிப் இல்லை, அல்லது அந்தச் சிப்பை உங்கள் வண்டி இன்னும் அறியவில்லை. இன்ஜின் நிற்கும்போது டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு மினுக்கினால் சந்தேகமே வேண்டாம், இம்மொபிலைசர், அதாவது தனக்குத் தெரிந்த சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்புதான் நிறுத்துகிறது.

அசல் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கும். அதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். சிப் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். பொருந்தினால்தான் வண்டி தொடர்ந்து ஓடும். ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துபோனாலும் சாவியைப் போட்டுத் திருப்பினால் வண்டி கிளம்புவது இதனால்தான். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளிலும், பேட்டரி தீர்ந்தால் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்தோ அதற்கென உள்ள இடத்தில் வைத்தோ கிளப்ப வழி வைத்திருப்பார்கள். அந்த இடம் எது என்று கையேட்டில் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி என்ன செய்வது? கடைக்குத் திரும்பிப் போய் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, “நகல் எடுக்கப் போகிறீர்களா, வண்டியில் பதிவு செய்யப் போகிறீர்களா?” என்று. நகல் என்றால் பழைய சிப்பின் அடையாளத்தையே புதுச் சிப்பில் எழுதுவது. வண்டியைத் தொடவே வேண்டாம், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வண்டிக்கு இரண்டும் ஒரே சாவிதான். நாளைக்கு ஒன்று திருடுபோனால் அதை மட்டும் தனியே நீக்க முடியாது. பதிவு என்றால் புதுச் சிப்பின் சொந்த அடையாளத்தை வண்டியின் நினைவகத்தில் சேர்ப்பது. பொதுவாக ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினியோடு இணைக்கும் சாக்கெட்) கருவியைச் செருகிச் செய்வார்கள். தொலைந்த சாவியை நீக்கவும் முடியும். என்னைக் கேட்டால் கொஞ்சம் கூடச் செலவானாலும் பதிவுதான்.

பழைய வண்டி வாங்குபவர்கள், எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்கு வந்தது இரண்டு, பதிவில் மூன்று என்றால் மூன்றாவது யாரிடமோ இருக்கிறது. அதை அழித்துவிடுங்கள்.

இதையெல்லாம் கையில் ஒரு சாவியாவது வேலை செய்யும்போதே முடித்துவிட வேண்டும். எல்லாம் தொலைந்த பிறகு போனால், வண்டி உங்களுடையது என்பதற்கான ஆதாரம், கம்பெனியிடமிருந்து வண்டிக்கான ரகசிய எண் (PIN) என்று அலைய வேண்டிவரும். ஃபோர்டின் பல மாடல்களில் பதிவான இரண்டு சாவி இருந்தால் மூன்றாவதை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றுதான் மிச்சம் என்றால் அந்த வசதி போச்சு.

உங்கள் கவலை சாவியை உள்ளே வைத்துக் கதவு பூட்டிக்கொள்வது மட்டும்தான் என்றால், இப்போது வெட்டிய சிப் இல்லாத சாவியே போதும். பர்ஸில் போட்டு வையுங்கள். ரிமோட்டால் பூட்டிய வண்டியை அதால் திறந்தால் சில மாடல்களில் அலாரம் அலறும், பயப்படாதீர்கள். சிப் உள்ள சாவியை மட்டும் வண்டிக்குள்ளேயே ஒளித்து வைக்காதீர்கள். திருடன் தேடி எடுத்தால் இம்மொபிலைசர் இருந்தும் பயனில்லை.

அப்புறம், புதுச் சாவியைச் சோதிக்கும்போது பழையதை அதே வளையத்தில் தொங்கவிடாதீர்கள். பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள், பக்கத்தில் தொங்கும் பழைய சிப்பைப் படித்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடும், நீங்களும் சரியாகிவிட்டது என்று பணம் கொடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள். பழையதை வேறொருவரிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.